கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்த புலி

யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். என் தீப்பெட்டி லேபிள் பட்டியல் இருக்கிறதே, இருபத்தேழு வருஷமாகச் சேர்த்த 1,412 லேபிளுக்கும் எண் போட்டு, நிறம் எழுதி, ஊர் எழுதி, எந்த ஆல்பம் எந்தப் பக்கம் என்பதுவரை எழுதி ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றி வைத்திருக்கிறேனே அந்தப் பட்டியல், அதில் இப்போது ஒவ்வொரு வரியிலும் அந்தந்த லேபிளின் படம் இருக்கிறது. வரிக்குள்ளேயே! கட்டத்துக்குள்ளேயே! சின்னதாக, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, 417 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 417ஆம் லேபிளின் புலி உட்கார்ந்திருக்கிறது. வரியை மேலே தூக்கினால் புலியும் மேலே போகிறது, கீழே இறக்கினால் கூடவே இறங்குகிறது. மூன்று வாரமாகிறது, இன்னும் எனக்குத் தூக்கம் ஒழுங்காக வரவில்லை. ராத்திரி எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன், குழந்தை மூச்சு விடுகிறதா என்று தொட்டிலை எட்டிப் பார்ப்பது போல.

இதில் என்ன இருக்கிறது, படம் போட்ட பட்டியல்தானே என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் கொஞ்சம் என் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். உங்களிடம் புலிப் படம் போட்ட லேபிள் மட்டும் 43 இருக்கிறது. சிவகாசிப் புலி, சாத்தூர்ப் புலி, கோவில்பட்டிப் புலி. நிற்கிற புலி, பாய்கிற புலி, மனிதனோடு மல்லுக்கட்டுகிற புலி. இத்தனையையும் எழுத்தில் எப்படிப் பிரித்துக் காட்டுவீர்கள்? நான் என்ன எழுதி வைத்திருந்தேன் தெரியுமா? “புலி, மஞ்சள், இடப்பக்கம் பார்க்கிறது.” அடுத்த புலிக்கு, “புலி, மஞ்சள், இடப்பக்கம் பார்க்கிறது, கொஞ்சம் கோபம்.” இன்னொன்றுக்கு, “புலி, மஞ்சள் (ஆனால் வேறு மஞ்சள்).” எழுதும்போது எல்லாம் துல்லியமாகத்தான் தெரிந்தது. ஆறு மாதம் கழித்துப் படித்தால் எந்தப் புலிக்குக் கோபம், எது வேறு மஞ்சள், ஒன்றும் பிடிபடாது. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பீரோவைத் திறந்து, ஆல்பத்தை இறக்கி, பக்கத்தைப் புரட்டி, லேபிளைப் பார்த்து, திரும்ப வைத்துப் பூட்டவேண்டும். அந்தப் பழைய காகிதமோ தொட்டால் ஓரம் உதிர்கிற வயசில் இருக்கிறது.

படத்தை ஒட்டிப் பார்க்காமலா இருந்திருப்பேன்? ஒட்டினேன். பல வருஷத்துக்கு முன்னால், வேறொரு மென்பொருளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 60 படத்தை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டத்துக்கு மேலே பொருத்தி வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஊர்வாரியாக வரிசைப்படுத்தலாமே என்று ஒரு பொத்தானை அமுக்கினேன், அவ்வளவுதான். எழுத்தெல்லாம் இடம் மாறிப் போய்விட்டது, படமெல்லாம் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தாமரை என்று எழுதிய வரிக்கு எதிரே யானை, மயிலுக்கு எதிரே கத்தரிக்கோல். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்தப் படங்கள் கட்டத்துக்குள் இல்லை, தாளுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தன. கண்ணாடிப் பலகையை நோட்டு மேல் வைத்து அதன்மேல் படம் ஒட்டினால், நோட்டின் பக்கத்தைத் திருப்பும்போது படம் கூடவா திரும்பும்? அன்றைக்கு மூடி வைத்தவன்தான், மறுபடி அந்த ஆசையை எடுக்கவே இல்லை.

போன மாதம் என் அண்ணன் மகன் போனில் பேசிக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. “சித்தப்பா, படத்தை ஒட்டாதீங்க. படம் எங்க இருக்குன்னு முகவரியை மட்டும் சொல்லுங்க, அதுவா வந்து உக்காந்துக்கும்” என்றான். அதுவா வந்து உக்காந்துக்கும்! இந்த மூன்று வார்த்தையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். கூகுள் ஷீட்ஸில் இமேஜ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கூட்டல் போடுவதற்கு சம் என்று தட்டுவோமே, அதே மாதிரி சமக்குறி போட்டு, இமேஜ் என்று தட்டி, அடைப்புக்குறிக்குள் அந்தப் படத்தின் இணைய முகவரியைக் கொடுத்தால் போதும். படம் கட்டத்துக்குள் வந்து குடியேறிவிடும், மிதப்பது கிதப்பது ஒன்றும் கிடையாது. ஒரு கட்டத்தில் 250 என்ற எண் எப்படி அந்தக் கட்டத்துக்குச் சொந்தமோ, அப்படி அந்தப் படமும் அந்தக் கட்டத்துக்குச் சொந்தம். மைக்ரோசாஃப்ட் 365 எக்ஸெலிலும் 2022இல் இதே பெயரில் வந்துவிட்டது. படம் எந்த அளவில் நிற்கவேண்டும் என்றும் சொல்லலாம். கூகுள் ஷீட்ஸில் 1 என்று கொடுத்தால் கட்டத்துக்குள் அடங்கி, உருவம் சிதையாமல் நிற்கும். 2 என்றால் கட்டத்தை அடைத்துக்கொண்டு இழுபடும், புலி குண்டாகிவிடும். 3 என்றால் சொந்த அளவு. 4 என்றால் உயரமும் அகலமும் நாமே சொல்லலாம். நான் 1தான் போட்டேன். என் புலி புலி மாதிரியே இருக்கட்டும்.

ஸ்கேன் செய்ததைக் கேளுங்கள். லேபிள்களில் கொஞ்சத்தை முன்பே ஸ்கேன் செய்து வைத்திருந்தேன், மிச்சத்தைப் பதினோரு ராத்திரியில் முடித்தேன். 5 சென்டிமீட்டர் அகலமுள்ள லேபிளை 600 டிபிஐயில் எடுத்தால் குறுக்கே சுமார் 1,180 பிக்ஸல் வருகிறது. அதை அப்படியே 1,412 வரியிலும் ஏற்றினால் ஷீட் முக்கி முனகும். பட்டியலுக்கு அவ்வளவு பெரிய படம் எதற்கு? இர்ஃபான்வியூவில் மொத்தமாகச் சிறிதாக்கும் வசதி இருக்கிறது. அதில் எல்லாவற்றையும் 200 பிக்ஸல் அகலத்துக்குக் குறுக்கி வேறொரு ஃபோல்டரில் போட்டேன். பரப்பில் பார்த்தால் சுமார் முப்பத்தைந்தில் ஒரு பங்குதான். பெரிய படம் பத்திரமாக ஹார்ட் டிஸ்கில், சின்னப் படம் பட்டியலுக்கு. இந்தச் சின்னதுக்குத்தான் தம்ப்நெயில் என்று பெயர், கட்டைவிரல் நகம்! டிஜிட்டல் கேமராவில் எடுக்கிற படத்துக்குள்ளேயே 160க்கு 120 பிக்ஸலில் ஒரு குட்டிப் படம் ஒளிந்திருக்குமாம். கேமராவின் சின்னத் திரையில் சட்டென்று புரட்டிக் காட்டுவதற்காகவே அந்த ஏற்பாடு. பெரியதின் மடியில் குட்டி. எனக்கு இதெல்லாம் தெரிந்தபோது அடைந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

ஃபைலுக்குப் பெயர் வைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். லேபிள் எண் என்னவோ அதுதான் ஃபைல் பெயர். 417ஆம் லேபிள் என்றால் ஃபைலும் 417, வேறு அலங்காரம் கிடையாது. அண்ணன் மகன் தன் வலைத்தளத்தில் ஒரு ஃபோல்டரை ஒதுக்கித் தந்தான், எல்லாவற்றையும் அங்கே ஏற்றினேன். இப்போது பாருங்கள் மாயத்தை. எல்லாப் படத்துக்கும் முகவரியின் முன்பகுதி ஒன்றேதான், நடுவில் எண் மட்டும் மாறுகிறது, கடைசியில் ஜேபிஜி. அந்த எண்தான் ஏற்கெனவே ஷீட்டின் முதல் பத்தியில் இருக்கிறதே! முன்பகுதியையும் முதல் பத்தியின் எண்ணையும் கடைசிப் பகுதியையும் கோத்து ஒரே ஒரு ஃபார்முலா எழுதினால் போதும், 1,412 முகவரியைக் கையால் தட்டவேண்டிய அவசியமே இல்லை. ஒன்றை எழுதி இழுத்துவிட்டால் ஆயிற்று.

அந்த ராத்திரி. மணி ஒன்றே கால். வீடு முழுக்க இருட்டு, என் மேசை விளக்கு மட்டும் எரிகிறது, மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றுகிறது, ஆறிப்போன காபியில் ஆடை படிந்திருக்கிறது. முதல் வரியில் ஃபார்முலாவைத் தட்டி எண்டரை அமுக்கினேன். கட்டம் ஒரு விநாடி வெறுமையாக இருந்தது. பிறகு அதற்குள் ஒரு புள்ளி மாதிரி என்னவோ தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். லேபிள்தான்! எறும்பளவு! கூகுள் ஷீட்ஸில் ஒரு வரியின் உயரம் 21 பிக்ஸல்தான், அதற்குள் அடங்கிப்போய் நிற்கிறது பாவம். எல்லா வரியையும் தேர்ந்தெடுத்து, உயரம் 120 என்று கொடுத்தேன். தாள் முழுக்க மூச்சை இழுத்து மார்பை விரித்த மாதிரி கட்டங்கள் திறந்தன, முதல் கட்டத்தில் முழுசாக, நிறத்தோடு, ஓரத்து மஞ்சள் கறை சகிதம் என் முதல் லேபிள், நான் இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் பெட்டிக்கடை வாசலில் பொறுக்கி எடுத்த அந்தக் கத்தரிக்கோல் லேபிள்.

இப்போது நீங்கள் என்னோடு மூச்சைப் பிடித்துக்கொள்ளவேண்டும். கட்டத்தின் வலது கீழ்மூலையில் சின்ன நீலப் புள்ளி ஒன்று இருக்கும், அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோனேன், கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நடுங்கியது, இரண்டு தடவை அமுக்கினேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை, அடுத்த நொடி மேலிருந்து ஒவ்வொன்றாக, ரெண்டு ரெண்டாக, பிறகு கொத்துக் கொத்தாக, கோவிலில் கார்த்திகைக்கு ஒருத்தர் அகலிலிருந்து அடுத்தவர் அகலுக்குச் சுடர் தாவிப் போகுமே அப்படி, கத்தரிக்கோல், கிளி, தாமரை, ஓடம், யானை, சேவல், திராட்சைக் கொத்து, தபால்காரர், விமானம், சங்கு, புலி, புலி, மறுபடி புலி, மயில் என்று திரை முழுக்க ஏற்றிக்கொண்டே போகிறது, நான் கீழே உருட்ட உருட்டப் புதுசு புதுசாகப் பூத்துக்கொண்டே வருகிறது, சிவப்பும் மஞ்சளும் கருநீலமுமாக எங்கள் வீட்டுப் பத்துக்குப் பதினொன்று அறை ஒரே தேர்த்திருவிழா, நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன், எழுந்து நின்று கை தட்டினேன், தனியாக, ராத்திரி ஒன்றரை மணிக்கு, கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்கவும் தோன்றவில்லை. 1,412 பேரும் ஒரே கூரையின் கீழ்! இருபத்தேழு வருஷத்தில் நான் அவர்களை மொத்தமாக, ஒரே பார்வையில் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆல்பத்தில் ஒரு சமயத்துக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு ஒன்பது லேபிள், அவ்வளவுதானே பார்க்க முடியும்.

61 கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஸ்கேனர் அந்த 61 ஃபைலுக்கும் ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சேமித்திருந்தது, என் ஃபார்முலாவில் சின்ன எழுத்து. மறுநாள் காலையில் சரியாகிவிட்டது. இணையம் மந்தமாக இருக்கும் நாளில் படங்கள் வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். பிடிக்கட்டுமே! விருந்தாளிகள் 1,412 பேர், ஒருவர் பின் ஒருவராகத்தானே வாசலைத் தாண்டுவார்கள்.

மறுநாள் முதல் வேலையாகப் புலி என்று ஃபில்டர் போட்டேன். 43 புலியும் மட்டும் மிஞ்சி வரிசையாக நின்றன. ஷீட்டை 50 சதவீதத்துக்குச் சுருக்கிவைத்துப் பார்த்தேன். 88ஆம் எண்ணும் 417ஆம் எண்ணும் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன. இரண்டுக்கும் எழுத்தில் ஒரே விவரம், “புலி, மஞ்சள், இடப்பக்கம் பார்க்கிறது.” இரட்டை என்று முடிவு கட்டி, 417ஐ யாருக்காவது மாற்றாகக் கொடுத்துவிடலாம் என்று பட்டியலிலேயே குறித்து வைத்திருந்தேன். படமாகப் பார்த்தால், கடவுளே! 88இன் வால் மேலே சுருண்டு சட்டத்தைத் தாண்டி வெளியே போகிறது, 417இன் வால் கீழே தொங்குகிறது. 88க்கு முதுகில் ஏழு கோடு, 417க்கு ஐந்து. அதுமட்டுமா? 417இன் நாக்கு வாயிலேயே இல்லை. கன்னத்தில் இருக்கிறது! லித்தோ அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி ஓட்டம். மஞ்சள் ஒரு தடவை, கறுப்பு ஒரு தடவை, சிவப்பு ஒரு தடவை என்று அதே காகிதம் திரும்பத் திரும்ப மெஷினுக்குள் போய்வரும். சிவப்பு ஓட்டத்தில் காகிதம் ஒரு நூல் நகர்ந்தால் போதும், நாக்கு கன்னத்தில் போய் விழுந்துவிடும். இருபது வருஷமாக என் கையில் இருந்த அச்சுப்பிழை! இதைத்தான் இரட்டை என்று சொல்லிக் கொடுத்துவிட இருந்தேன்! எழுத்தில் இரண்டு வரியும் ஒன்றுதான், கண்ணுக்கு ஒரு விநாடி கொடுத்தேன், அது இத்தனை வித்தியாசத்தைச் சொல்லிவிட்டது.

நேர்மாறானதும் நடந்தது. 203இல் “தாமரை, இளஞ்சிவப்பு” என்று இருக்கிறது, 950இல் “அல்லி, ரோஸ்” என்று இருக்கிறது. இரண்டும் ஒரே லேபிள்! இடையில் பதினோரு வருஷம், ஒருநாள் எனக்கு அது தாமரையாகத் தெரிந்திருக்கிறது, இன்னொரு நாள் அல்லியாக. வார்த்தையால் தேடினால் இந்த ஜோடி ஜென்மத்துக்கும் சிக்கியிருக்காது.

அப்புறம் காலவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தேன் பாருங்கள், அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே வீண். ஒரு பொத்தான், அவ்வளவுதான், படமெல்லாம் தத்தம் வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இடம் மாறி, ஒரு நூற்றாண்டு மேலிருந்து கீழாக ஓட ஆரம்பித்தது. உச்சியில் நம் ஊர்ச் சந்தைக்கென்றே ஸ்வீடனிலும் ஜப்பானிலும் அச்சடித்து அனுப்பிய லேபிள்கள், நம் சாமிகளையே நமக்கு அனுப்பி வைத்த ஊர்கள் அவை. அடுத்து, 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு சிவகாசி தலையெடுத்த காலத்துச் சரக்கு, மெல்லிய காகிதம், இரண்டே நிறம். அப்படியே கீழே வந்தால் ‘ந.பை.’ என்று விலை போட்ட சின்னக் கூட்டம். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது, 1964இல் ‘நயா’ போய்விட்டது, அதனால் அந்த இரண்டு எழுத்து இருந்தாலே லேபிளுக்குப் பிறந்தநாள் கிடைத்துவிடும். பிறகு மரப்பட்டைப் பெட்டிமேல் ஒட்டிய காகிதம் மெல்ல மெல்லக் குறைந்து, பெட்டியே அச்சடித்த அட்டையாக மாறுகிறது, நிறம் பளபளப்பாகிறது, 50 பைசா வருகிறது, 2007இல் ஒரு ரூபாய், 2021 டிசம்பர் முதல் தேதி இரண்டு ரூபாய். இதெல்லாம் எனக்குத் தெரியாத சேதியா? எல்லாம் நானே எழுதி வைத்ததுதான். ஆனால் விரல் உருட்ட உருட்ட மங்கல் சிவப்பு மெல்ல ஏறி ஏறிப் பளீர் சிவப்பாவதைக் கண்ணால் பார்ப்பது இருக்கிறதே, அது வேறு, அது முற்றிலும் வேறு!

சாத்தூரில் நான் வழக்கமாகப் போகிற பழைய பேப்பர் கடைக்குப் போன சனிக்கிழமை போனேன். கடைக்காரர் ஒரு கட்டை அவிழ்த்துப் போட்டார், நடுவில் ஒரு மயில் லேபிள். முன்பெல்லாம் இந்த இடத்தில் எனக்கு வேர்த்துவிடும். இருக்கா, இல்லையா? ஒரே கிளியை மூன்று தடவை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். இப்போது சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன், மயில் என்று ஃபில்டர் போட்டேன், 19 மயில் வரிசையாக நின்றன. கையில் இருந்த மயிலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். “என்ன அண்ணாச்சி, மயிலுக்குப் பொருத்தம் பாக்குறீகளா?” என்றார் அவர். போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். உருட்டிப் பார்த்தார், கடைக்கு வந்த இன்னொருத்தர் எட்டிப் பார்த்தார், பக்கத்து டீக்கடைக்காரர் வந்தார். “எல்லாமே ஒங்ககிட்ட இருக்கா?” “எல்லாமே இருக்கு.” “இந்த மயிலு?” “இது இல்ல!” என்று கத்தியேவிட்டேன், அந்தச் சந்தோஷத்தில் 40 ரூபாய் கேட்டவரிடம் பேரம் பேசக்கூட மறந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதே அதற்கு 1413 என்று எண் போட்டாயிற்று.

ஆனால் அந்த முதல் ராத்திரியில் நடந்த ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். நான் கை தட்டிய சத்தத்தில் என் மனைவி எழுந்து வந்துவிட்டாள். “ஏங்க, மணி என்ன ஆகுது?” என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இங்க வா, இங்க வா, இதைப் பாரு” என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பட்டியலை அவள் பார்த்தது கிடையாது. பார்க்கத்தான் அதில் என்ன இருந்தது, எண்ணும் எழுத்தும்தானே. ஆல்பத்தைத் தொட்டால் காகிதம் உதிரும் என்று பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை நானேதான் வைத்திருந்தேன். தூக்கக் கலக்கத்தில் எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உருட்டிக்கொண்டே போகிறேன், கிளி, யானை, ஓடம். திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நிறுத்துங்க.”

612ஆம் வரி. நீலப் பின்னணியில் வெள்ளைச் சங்கு. நான் எழுதி வைத்திருந்தது, “சங்கு, நீலம், ஆல்பம் 4, பக்கம் 22.”

“இது எங்கம்மா ஒட்டுன பெட்டி” என்றாள்.

சிவகாசிப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுவார்கள், குரோஸ் கணக்கில் கூலி, ஒரு குரோஸ் என்றால் 144. மைதாப் பசை காய்ச்சுகிற புளிச்ச வாசனை, விரல் இடுக்கில் காய்ந்து உரிகிற பசை, திண்ணையில் காயப்போட்ட பெட்டிகளைக் கோழி கலைத்துவிடாமல் காவல் காக்கிற ஆறு வயசுப் பெண், மழை வந்தால் சாக்கோடு அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிற ஓட்டம், எல்லாவற்றையும் அவள் சொன்னாள், நிறுத்தாமல் சொன்னாள். “பசை ஓரத்துல கசிஞ்சு சங்கு மேல பட்டுரும். அம்மா முந்தானையால ஒத்தி எடுப்பாங்க. கணக்குப் பாக்கிறவரு கறையிருந்தா கழிச்சுருவாரு.” திரையில் இருக்கிற சங்கின் மேல் விரலை வைத்து இப்படித்தான் என்று ஒத்திக் காட்டினாள். அந்தச் சங்கு ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டுப் பீரோவுக்குள் இருக்கிறது, அவள் தலைமாட்டிலிருந்து ஆறடி தூரத்தில். விடிகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் உருட்டிக்கொண்டிருந்தோம். அவளுக்குத் தெரிந்தது மொத்தம் ஒன்பது, ஒன்பதுக்கும் ஒவ்வொரு கதை.

இப்போது பட்டியலில் படத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பத்தி சேர்த்திருக்கிறேன். அதன் தலைப்பில் அவள் பெயரைப் போட்டேன். தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். நேற்று 774இல் ஒரு கிளி வந்தது. அதை முன்பு பார்த்த மாதிரி இல்லை என்றாள், போய்விடுவாள் என்று பார்த்தால், போகவில்லை. திரையைக் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, ஓரத்துச் சுருக்கத்தைக் காட்டி, “காகிதம் ரொம்ப மெலிசு. இதுக்குப் பசையத் தண்ணியா காய்ச்சியிருக்கணும், யாரோ கெட்டியாப் போட்டு ஒட்டியிருக்காங்க பாருங்க” என்றாள். அதையும் தட்டினேன். “அடுத்ததுக்குப் போங்க” என்றாள்.